இடையில் நிற்பவர்

பஞ்ச காலத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த தம் சகோதரர்களிடம் யோசேப்பு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இடையில் வைத்தே பேசினார் என்கிறது தொடக்க நூலின் 42ஆம் அதிகாரம். தங்கள் மொழி அவருக்குத் தெரியாது என்றெண்ணிய அண்ணன்மார், தம்பிக்குத் தாங்கள் இழைத்த கொடுமையை அவர் எதிரிலேயே பேசி நொந்துகொண்டனர். யோசேப்பு அப்பால் சென்று அழுதார். அந்த அழுகையைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். இடையில் நின்ற அந்த மொழிபெயர்ப்பாளரை ஒருமுறையேனும் நினைத்ததில்லை, அவருடைய இடத்தில் நாமே அமரும் வரையில்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் உயிர் பறித்தது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அதில் மாண்டனர். பின்வந்த மாதங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் உள்ளிட்ட உளநலப் பணியாளர் பலர் கடலோரத்துக்கு வந்தனர். சிலருக்குத் தமிழ் தெரியாது. அன்று இளங்குருவாயிருந்த நம்மை, வெளிமாநில ஆலோசகர் ஒருவருக்கு மொழிபெயர்த்துத் தரும்படி அனுப்பினார்கள். குருமடத்தில் இறையியல் பயின்றவர், ஆங்கிலமும் அறிந்தவர். இதைவிட வேறென்ன தகுதி வேண்டும் என்று நாமும் நினைத்தோம்.

தற்காலிகக் குடியிருப்பின் கொட்டகையொன்றில் ஒரு தாய் எங்கள் முன் அமர்ந்திருந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அலை எம் புள்ளையக் கொண்டு போவல சாமி. நாந்தான் கைய விட்டேன்."

நாம் ஆங்கிலத்தில் சொன்னது இது: அலை இவருடைய குழந்தையைப் பறித்துச் சென்றது, மிகவும் துயருற்றிருக்கிறார்.

பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்யவில்லை. அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக் கொடுக்க நம் நாவுக்குத் துணிவில்லை. இரக்கம் என்றே அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டோம். ஆலோசகர் துயரைப் பற்றிக் கனிவாக ஏதோ கேட்டார். அதைத் தமிழில் சொன்னதும் அந்தத் தாய் நம் முகத்தையே பார்த்தார். "நான் சொன்னதச் சொன்னீங்களா சாமி?" என்றார். சொன்னோம் என்றோம். அடுத்த வாரம் அவர் நிவாரண அரிசியைப் பற்றி மட்டுமே பேசினார்.

ஆற்றுப்படுத்துதல் என்று நாம் அழகாகப் பெயரிட்டிருக்கும் இப்பணியில், துயருற்றவர் வாயிலிருந்து வரும் சொல்தான் மருத்துவர் தொட்டுப் பார்க்கும் நாடி. இதைப் பின்னர் படித்தறிந்தோம். மொழிபெயர்ப்பவர் 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று விலகி நிற்காமல், 'நான் கையை விட்டேன்' என்று தன்மையிலேயே சொல்ல வேண்டுமாம். பேசுவோர் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி இவர் சற்று ஒதுங்கி அமர வேண்டும். வீட்டாரையும் பிள்ளைகளையும் இதற்குப் பயன்படுத்தலாகாது. முடிந்தபின் மொழிபெயர்த்தவரையும் அமரவைத்துப் பேச வேண்டும் என்பதும் ஒரு விதி. 'நான் கையை விட்டேன்' என்று ஒருமுறை தம் வாயால் சொல்லிப் பார்ப்பவருக்கு அதன் காரணம் விளங்கும்.

திருச்சபையும் இவரை அறியாததல்ல. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒப்புரவு அருள்சாதனம் பெற இடந்தருகிறது (எண் 990). கேட்டதை வெளியிடாத கடமையில் அவரையும் கட்டுகிறது (எண் 983). மீறினால் திருச்சபையினின்று விலக்கும் அளவுக்குத் தண்டனை உண்டு. இரகசியத்தை நாம் ஒருபோதும் மீறியதில்லை. சொல்லையல்லவா மீறினோம்!

அண்மை ஆண்டுகளாக நம் தஞ்சை வயல்களில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒரு குறுவை நடவின்போது, உணவும் உறக்கமும் இன்றியிருந்த இளைஞர் ஒருவரை அவர்களுடைய மேஸ்திரி நம் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தார். ஆண்டுக்கணக்கில் இங்கு வந்துபோகும் மேஸ்திரிக்குத் தமிழ் நன்றாகவே வரும். இளைஞர் தம் மொழியில் ஐந்து நிமிடம் பேசினார். மேஸ்திரி திரும்பி, "ஒண்ணுமில்ல ஃபாதர், வீட்டு ஞாபகம்" என்றார்.

நமக்குச் சுரீரென்றது. கூலி கொடுப்பவர் எதிரில் அந்தப் பிள்ளை எதைத்தான் சொல்லியிருப்பார்? சொன்னதில் எவ்வளவுதான் நம்மிடம் வந்து சேர்ந்தது? மேஸ்திரியை நொந்துகொள்ளும் தகுதியும் நமக்கில்லை.

2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச உளநலத் தொலைபேசிச் சேவை நினைவுக்கு வந்தது. எண் 14416, 20 மொழிகளில் பேசலாம். மேஸ்திரியைத் தேநீர் குடித்து வர அனுப்பிவிட்டு, வங்க மொழியில் பேசுபவர் கிடைத்ததும் கைப்பேசியை இளைஞரிடம் கொடுத்தோம். நாம் வெளியே வந்து திண்ணையில் அமர்ந்தோம். எதிரே வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து குரல் ஏறியும் இறங்கியும் கேட்டது. ஒரு சொல்லும் புரியவில்லை. மாலைச் செபத்துக்கு மணியடிக்கும் வேளையில் அவர் வந்து கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை. மேஸ்திரி கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல், அந்த இளைஞர் குழாயடிக்குச் சென்று முகம் கழுவினார்.