அளவும் நிறையும் அலகும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு முற்பகலில் தங்கையின் மகன் வீட்டிற்கு வந்திருந்தான். கபடி ஆடுகிறவன். முழங்காலில் பட்ட அடி ஐந்து மாதங்களாகியும் ஆறாமல் இருந்தது. வந்தால் முதலில் ஆச்சியிடம் சென்று அமர்கிற பிள்ளை, அன்று நேரே எங்கள் மேசைக்கு வந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியையும் ஒரு துண்டுத்தாளையும் வைத்தான். குப்பியின் அடியில் சிறிதளவு வெண்ணிறத் தூள் ஒட்டியிருந்தது. தாளில் ஒரு கணக்கு.

“அத்தை, இந்தக் கணக்கு சரியான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

எங்கள் இருவரில் ஒருவர் கல்லூரியில் தமிழும் மற்றவர் பள்ளியில் கணக்கும் கற்பிப்பவர்கள். ஆகவே அவன் சரியான வீட்டிற்குத்தான் வந்திருந்தான்.

தூளின் பெயர் பிபிசி-157. கேட்டவுடன் வானொலி நிலையம் நினைவுக்கு வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பதினைந்து அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு ஒன்றின் பெயர் அது. கிழிந்த தசைநாண்கள் இதனால் விரைவில் கூடுகின்றன என்று எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் கூறுகின்றன. மனிதரிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் மிகச் சொற்பம். உடற்பயிற்சிக்கூடத்தில் யாரோ சொல்ல, இணையத்தில் வாங்கியிருக்கிறான்.

கணக்கு இதுதான். குப்பியில் உள்ள தூள் 5 மில்லிகிராம். அதில் 2 மில்லிலிட்டர் நீர் விட்டுக் கரைத்தால், ஒரு மில்லிலிட்டரில் 2.5 மில்லிகிராம், அதாவது 2,500 மைக்ரோகிராம் இருக்கும். வேண்டியது 250 மைக்ரோகிராம் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அப்படியானால் எடுக்க வேண்டியது 0.1 மில்லிலிட்டர். சிரிஞ்சில் அது 10 யூனிட் கோடு. விடைக்குக் கீழே இரண்டு கோடுகள் இழுத்து முடித்திருந்தான். வகுத்தலிலும் பெருக்கலிலும் பிழையில்லை. ‘சரி’ என்று குறியிடக் கணக்கு ஆசிரியர் பேனாவையும் எடுத்தாயிற்று.

“ஊசி வாங்கிட்டியா?”

“அதுக்கென்ன அத்தை, ஆச்சி ஊசி இருக்குல்ல” என்று அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தான். சிவப்பு மூடி.

பேனா அப்படியே நின்றது.

2019ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இரவு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது அம்மாவுக்குக் குப்பி இன்சுலினை நிறுத்திப் பேனா இன்சுலினுக்கு மாற்றியிருந்தார்கள். அன்று பேனாவின் திருகு இறுகிக்கொண்டது. வெளியே மழை, மருந்துக்கடையும் அடைத்தாயிற்று. பேனாவுக்குள் இருந்த மருந்துக் குழாயில் பழைய சிரிஞ்சைக் குத்தி, வழக்கமான 16 என்ற கோடு வரை உறிஞ்சிப் போட்டோம். ஒருவர் விளக்கைப் பிடிக்க, மற்றவர் கோட்டைப் பார்த்தோம். பிறகு இடம் மாறி இன்னொரு முறையும் பார்த்தோம்.

பதினொரு மணிக்கு அம்மாவின் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. பெயரைக் கேட்டால் பெயர் வரவில்லை. எங்களில் ஒருவரை, என்றோ இறந்துபோன தம் அக்காள் என்று எண்ணிப் பேசினார். சர்க்கரை பார்க்கும் கருவியில் 38 என்று காட்டியது. சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே பக்கத்து வீட்டு ஆட்டோவில் மருத்துவமனைக்கு விரைந்தோம். நரம்பில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் எங்களைப் பெயர் சொல்லி அழைத்தார். இரவுப் பணியில் இருந்த செவிலியர் நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “சிரிஞ்சு மூடி என்ன நிறம்?”

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் வருவது பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அந்தச் செறிவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 16 என்ற கோடு 0.4 மில்லிலிட்டரைக் குறிக்கும். 40 செறிவு மருந்தில் அது 16 யூனிட். 100 செறிவு மருந்தில் 40 யூனிட். இரண்டரை மடங்கு. கோட்டை நாங்கள் சரியாகத்தான் பார்த்தோம். அக்கோடு எந்த மருந்துக்கென்று போடப்பட்டது என்பதைப் பார்க்கவில்லை.

மருமகனின் தாளிலும் அதே இரண்டரை மடங்கு காத்திருந்தது. அவன் எழுதிய 10 யூனிட், ஆரஞ்சு மூடிக்கு உரிய கணக்கு. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் 0.25 மில்லிலிட்டர் வரும். 250 மைக்ரோகிராமுக்குப் பதில் 625 உள்ளே போகும்.

தொல்காப்பியர் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் தனித்தனியே சுட்டி, அவற்றுக்கு முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்கிறார். முகந்து காண்பது அளவு, நிறுத்துக் காண்பது நிறை என்று வகுப்பில் சொல்லிவிட்டு நகர்வது எங்கள் வழக்கம். மில்லிலிட்டர் அளவு, மில்லிகிராம் நிறை. யூனிட் இவ்விரண்டிலும் அடங்காது. 1922இல் டொரண்டோவில் இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தத் தொடங்கியபோது அது தூய பொருளாக இல்லை. எடை பார்த்துப் பயனில்லை. எனவே முயலுக்குச் செலுத்தி, அதன் இரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கொண்டு யூனிட்டை வகுத்தார்கள். மருந்து செய்யும் வேலையின் அளவு அது. இன்று ஒரு யூனிட் மனித இன்சுலின் சுமார் 0.035 மில்லிகிராம் என்று எடையிலும் சொல்ல முடிகிறது. அந்தச் சமன்பாடு இன்சுலினுக்கு மட்டுமே உரியது. வேறொரு தூளைக் கரைத்து இன்சுலின் சிரிஞ்சில் எடுத்துவிட்டு ‘10 யூனிட்’ என்பது, பட்டணம் படிக்கும் உள்ளூர்ப் படிக்கும் வேறுபாடு பாராமல் ‘பத்துப்படி’ என்று எழுதிக் கொடுப்பது போன்றது. மில்லிலிட்டரில் எழுதினால் இந்த மயக்கம் வராது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “அப்போ ஆரஞ்சு மூடி ஊசி வாங்கினா போதும்ல, மாமா?”

நியாயமான கேள்வி. விடையைக் கணக்கு ஆசிரியர்தான் சொன்னார்: “முதல் வரியில 5 மில்லிகிராம்னு எழுதியிருக்கியே, அதை நிறுத்தது யாரு?”

அம்மாவின் இன்சுலின் குப்பியில் உள்ள 40 என்ற எண்ணுக்குப் பின்னால் உரிமம், சோதனை, தொகுதி எண், காலாவதி நாள் என்று பொறுப்பேற்பவர்களின் வரிசை ஒன்று நிற்கிறது. இந்தக் குப்பியின் சீட்டில் ‘ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும், மனிதப் பயன்பாட்டிற்கு அன்று’ என்ற வாசகம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. தூளின் எடையில் உப்பும் ஈரமும் எவ்வளவு, அது கிருமி நீக்கப்பட்டதா என்பவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. 250 மைக்ரோகிராம் என்பதும் மருத்துவர் எவரும் அவனுக்கு வரையறுத்தது அன்று. ஐயத்திற்குரிய எண்ணை முதல் வரியில் வைத்து எவ்வளவு பிழையின்றி வகுத்தாலும், விடையிலும் அந்த ஐயம் மிச்சமிருக்கும். தவிர, இப்பொருள் 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இதையும் சொன்னோம். முகம் வாடிவிட்டது. வலியோடு இருக்கிறவனிடம் கணக்குப் பேசுவது எளிது என்பதும் எங்களுக்குத் தெரியாததன்று.

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நண்பர்கள் இதைப் படித்தால், ஒருமுறை எழுந்துபோய்க் குப்பியின் எண்ணையும் மூடியின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அவன் இரவு உணவு வரை இருந்தான். ஆச்சிக்கு ஊசி போடும் நேரம் வந்தபோது அவனே எடுத்துக் கொடுத்தான். 2019க்குப் பிறகு நாங்கள் குப்பி இன்சுலினுக்கே திரும்பிவிட்டோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மா, அன்று முதல் கேட்காமல் கையை நீட்டுவதில்லை.

“என்ன மூடிலே?”

“சிவப்பு, ஆச்சி.”

“குப்பியில?”

“நாப்பது.”

பிறகுதான் கையை நீட்டினார்.

கிளம்பும்போது குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எலும்பு மருத்துவரிடம் காட்டிக் கேட்பதாகச் சொன்னான். துண்டுத்தாள் எங்கள் மேசையிலேயே கிடக்கிறது. அதில் இன்னும் குறியிடவில்லை.