கண்ணுக்குப் புலனாகாத ஈரம்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, மழை குறைந்த ஊர். தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அங்கு வேரூன்றியதற்கு அவ்வறண்ட காற்றும் ஒரு காரணமாகும். மருந்தில் ஈரம் ஏறினால் வெடி வெடிக்காது, குச்சி பற்றாது. ஆதலின், ஈரத்திற்கு அஞ்ச வேண்டும் என்று அவ்வூராருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், அதே ஈரம் காரினுள்ளும் புகுந்து கேடு விளைக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடைபட்ட நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இவ்வுண்மையை விளக்கினார். காரின் பிரேக் இவ்விதிப்படியே இயங்குகிறது. பல கார்களில் கிளட்சும் அவ்வாறே. இதற்குப் பயன்படும் நீர்மத்தைப் பட்டறைகளில் பிரேக் ஆயில் என்பர். பெயரளவில்தான் அது ஆயில்; பெரும்பாலும் அது கிளைக்கால் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. ரப்பர்க் குழாய் வழியாகவும் தொட்டியின் மூடி வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உட்புகும். எத்துணை வறண்ட ஊராயினும் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று நனையாமல் இராது.

டாட் 3 என்னும் வகைப் பிரேக் ஆயில் புதியதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் கீழ்க் கொதித்தல் ஆகாது என்பது தர விதி. நூற்றுக்கு நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவாக நீர் கலந்தாலே, அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். இராசபாளையம், செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து, புனலூரை நோக்கி ஒரு பழைய கார் இறங்குவதாகக் கொள்வோம். இறக்கத்தில் ஓயாமல் மிதிப்பதால் பிரேக் சூடேறுகிறது. ஈரம் கலந்த ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. நீர்மம் எளிதில் சுருங்காது, ஆவியோ சுருங்கிவிடும். மிதி அடித்தளம் வரை அமிழ்ந்தும் வண்டி நில்லாது.

இக்கேட்டைத் தடுப்பது அரிதன்று. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுதல் நன்று. தொட்டியிலுள்ள பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புவர். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் சக்கரத்தருகே உள்ள திருகைத் தளர்த்துவார். கால் எடுக்குமுன் திருகை மூட வேண்டும். இன்றேல் காற்று உட்புகும். குமிழியின்றித் தெளிந்த ஆயில் வரும்வரை இவ்வாறு செய்வர். அதற்குள் தொட்டி வற்றிவிடாமலும் பார்த்துக்கொள்வர். புதிய ஆயிலும் முத்திரை உடையாத புட்டியிலிருந்தே வருதல் வேண்டும்.

பவர் ஸ்டியரிங்கில் உள்ளதோ உண்மையான எண்ணெய். நாட்பட்டால் அது கறுத்து, தேய்ந்த துகள்களைச் சுமந்து பம்பைக் கெடுக்கும். அதனையும் காலமறிந்து மாற்ற வேண்டும். இரண்டையும் ஆயில் என்றே அழைப்பதால் ஒன்றின் தொட்டியில் மற்றொன்றை ஊற்றிவிடுவோரும் உண்டு. அவ்வெண்ணெய் பிரேக்கில் கலந்தால் ரப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும். எவ்வகை ஆயில் உரியது என்பதைக் காருடன் வரும் கையேட்டைப் பார்த்தே துணிதல் வேண்டும்.

வண்டியை ஓடச் செய்வது ஆற்றல். உரிய இடத்தில் நிற்கச் செய்வது பேணுதல். மருந்தில் ஈரம் ஏறாமல் விழிப்போடு காக்கும் கைகள், பிரேக்கையும் அவ்விழிப்போடு காத்தல் கடமையாகும். அவ்விழிப்பையே நம்பி வண்டியில் அமர்ந்திருப்பவரும் உளர். வழியில் நடந்து செல்பவரும் உளர்.