கட்டும் கற்பனையும்

ஜாஸ் இசையை முதன்முறை செவிமடுப்போர் பலர் அதனை நெறியற்றதோர் இசையென்றே கருதுவர். ஏட்டைப் பாராது இசைஞன் தன் மனம் போன போக்கில் வாசிக்கின்றான் என்பது அவர்தம் எண்ணம். மேடையில் அக்கணத்திற் பிறக்கும் இசை அது என்பது உண்மையே. அது பிறக்கும் களம் எத்துணை இறுக்கமானது என்பதையே அவர்கள் காணத் தவறுகின்றனர்.

1930ஆம் ஆண்டில் ஜோனி கிறீன் இசையமைத்த ‘பொடி அன்ட் சோல்’ என்னும் பாடலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஜாஸ் கலைஞர் யாவரும் அறிந்திருக்க வேண்டுமெனக் கருதப்படும் பொதுப் பாடல்களுள் இதுவும் ஒன்று. இதன் ஒரு சுற்று 32 அளவுகளைக் கொண்டது. அளவொன்றுக்கு நான்கு அடிப்புகள். எட்டு அளவுகொண்ட முதற்பகுதி இருமுறை ஒலிக்கும். அடுத்து வேறானதொரு நடுப்பகுதி. ஈற்றில் முதற்பகுதி மீண்டும் வரும்.

மெட்டின் கீழே சுரக்கூட்டுகள் வரிசையாக நகர்கின்றன. ஒரே வேளையில் ஒலிக்கும் சில சுரங்களின் சேர்க்கையே சுரக்கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. நமக்குப் பழகிய சுரப்பெயர்களாற் கூறின், பஞ்சமத்தின் மேல் எழும் கூட்டிலே ப, நி, ரி, ம என்னும் நான்கும் அடங்கும். அதிலுள்ள காகலி நிஷாதம் அரைச்சுரம் மேலேறி ஷட்ஜத்தை நாடும். சுத்த மத்திமம் அரைச்சுரம் கீழிறங்கி அந்தர காந்தாரத்தை நாடும். இந்நாட்டம் கேட்போர் மனத்தில் எதிர்பார்ப்பை எழுப்ப, ஷட்ஜக் கூட்டு வந்து அதனைத் தணிக்கின்றது.

கிறீனின் பாடல் ஷட்ஜக் கூட்டிலே தொடங்குவதில்லை. ரிஷபத்தின் மேல் எழும் கூட்டிலே தொடங்கிப் பின்னரே இருப்பிடம் சேர்கின்றது. நடுப்பகுதியிலோ ஷட்ஜமே இடம்பெயர்கின்றது: முதலில் அரைச்சுரம் மேலே, பின்னர் அங்கிருந்து முழுச்சுரம் கீழே. இறுதியில், அரையரைச் சுரமாக இறங்கும் கூட்டுகள் முதற்பகுதிக்கு மீட்டு வருகின்றன. கர்நாடக இசையிலே ஆதார சுருதி அசையாது நிற்க, இராகம் கற்பனைக்கு எல்லை வகுக்கும். இங்கோ நிற்கும் நிலமே நகர்கின்றது. சற்றுமுன் இனித்த சுரம் இப்போது உறுத்தும்.

இதனை உணராது இறங்கியவர் நிலை யாது? சார்ளி பார்க்கர் (1920–1955) கன்சாஸ் சிற்றியில் இளைஞராயிருந்த காலத்தில், ஏனைய கலைஞரோடு சேர்ந்து இப்பாடலை இருமடங்கு விரைவில் வாசிக்க முயன்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். வீடு சென்று அழுததாகவும், மூன்று மாதங்கள் வாசிக்கவேயில்லை என்றும் அவரே பிற்காலத்திற் கூறினார். நாளொன்றுக்குப் பதினொரு மணிநேரத்துக்குக் குறையாது சில ஆண்டுகள் பயின்றதாகவும் கூறியுள்ளார். 1940களில் பீபொப் என்னும் புதுநெறியை உருவாக்கியோருள் அவர் முதன்மையானவர்.

அதே பாடலை 1939 ஒக்ரோபர் 11ஆந் திகதி நியூயோர்க்கில் ஒலிப்பதிவு செய்தார் கோல்மன் ஹோக்கின்ஸ். சிறுவயதிலேயே பியானோவும் செலோவும் பயின்று, சக்ஸபோனுக்கு வந்தவர் அவர். ஏறத்தாழ மூன்று நிமிடம், இரண்டு சுற்றுகள். தொடக்கத்தில் மெட்டு சற்றே முகங்காட்டிப் பின் மறைந்துவிடுகின்றது. சுரக்கூட்டுகளை அவர் ஒவ்வொரு சுரமாகப் பிரித்து, இடைச்சுரங்களாற் கோத்து, புதியதொரு மெட்டாகவே வளர்த்துச் செல்கின்றார். இரண்டாஞ் சுற்றில் வேகம் மாறாதிருக்க, உணர்ச்சி மட்டும் உச்சத்தை நோக்கி ஏறுகின்றது. பாடலின் மெட்டையே பெரிதும் கைவிட்ட அவ்விசைத்தட்டைப் பொதுமக்களும் விரும்பி வாங்கினர். மெட்டு மறைந்த பின்னரும் அதன் எலும்புக்கூட்டை அவர்கள் செவி உணர்ந்திருத்தல் வேண்டும்.

நகைப்புக்கு ஆளான இளைஞருக்கும் போற்றப்பட்ட ஹோக்கின்ஸுக்கும் கிடைத்தவை அதே 32 அளவுகளே. ஒருவருக்கு அவை கண்கட்டிய காட்டுவழி. மற்றவருக்கோ பிறந்து வளர்ந்த ஊர். கற்றல் கற்பனையை முடக்கும் என அஞ்சுவோர் இவ்விருவரையும் எண்ணிப்பார்த்தல் நன்று. வழி தெரிந்தவனே துணிந்து விலகி நடப்பான். எங்கே திரும்பிச் சேரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.