இறங்கு முகம்

நாற்பத்தாறு வயசு மனிதன் ஒருவன் விடியற்காலையில் தெருவில் ஓடினால், பார்க்கிறவர்கள் முதலில் அவனுக்குப் பின்னால்தான் பார்ப்பார்கள். நாய் துரத்துகிறதா, கடன்காரன் வருகிறானா என்று. இரண்டும் இல்லையென்றால், "எதற்கு ஸார் இந்த வயசில்?" என்பார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடுவதாகப் பணம் கட்டிவிட்டேன். இருபத்தொரு கிலோமீட்டரும் சொச்சமும்.

என் கால் உடைந்தது ஓடும்போது அல்ல. அப்படியாவது இருந்தால் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாமே! மின்சாரம் போன ஒரு ராத்திரி, மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. வலது கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

படுத்திருந்த நாட்களில் அபேபே பிகிலாவைப் பற்றிப் படித்தேன். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானில் ஜயித்த எத்தியோப்பியர். 1964-ல் டோக்கியோ பந்தயத்துக்குச் சுமார் ஆறு வாரம் முன்பு அவருக்குக் குடல்வால் ஆபரேஷன். அப்படியும் போய் ஓடி, 2 மணி 12 நிமிஷம் 11 விநாடியில் மறுபடி ஜயித்தார். நம் ஊரிலேயே மா. சுப்பிரமணியன் இருக்கிறார், 2021-ல் தமிழக சுகாதார அமைச்சரானவர். 2004-ல் நடந்த சாலை விபத்தில் முழங்கால் முறிந்தவர், பிற்பாடு நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறார்.

இருவரிடமிருந்தும் எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிகிலாவுக்கு அறுத்தது வயிற்றில், காலில் அல்ல. சுப்பிரமணியன் ஓடத் தொடங்கியது விபத்து நடந்து பல வருஷங்களுக்குப் பிறகு. இவற்றையெல்லாம் சௌகரியமாகத் தாண்டிப் போய்விட்டேன்.

கட்டுப் பிரித்த மூன்றாவது வாரம், வீட்டில் யாரும் எழுந்திருக்கு முன் தெருமுனை வரை ஓடிவிட்டு வந்தேன். மூச்சு அவ்வளவாக வாங்கவில்லை, ஒரே சந்தோஷம். நெஞ்சும் நுரையீரலும் சீக்கிரம் தேறிவிடும், ரத்த ஓட்டம் குறைந்த தசைநார்கள் மாதக்கணக்கில்தான் தேறும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. சாயங்காலம் கணுக்கால் பூசணியாக வீங்கிவிட்டது. கறிகாய் வாங்கப் போன இடத்தில் பிசகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். பேசாமல் ஒத்தடம் கொடுத்தாள். கறிகாய் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இன்னும் இரண்டு மாதம் போயிற்று.

பிறகு வைத்தியர் சொன்னபடி முதலில் நடை, அப்புறம் நடையும் ஓட்டமும் கலந்து என்று பழகிக்கொண்டு, நவம்பரில் மஞ்சக்குட்டைக்குப் போனேன். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறி ஏற்காடு; அங்கிருந்து மஞ்சக்குட்டைப் பக்கம் நண்பரின் காப்பித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து வைத்த மலை அது. பழம் சிவக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி பனியில் நனைந்து தொங்கியது.

மேடு ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. இறங்கும்போதுதான் கால் நின்றுவிட்டது. ஏறுவதற்கு மூச்சு போதும். இறங்கும்போது தொடைச் சதை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். காலில் விழும் அடியும் அதிகம். ஆனால் என்னை நிறுத்தியது சதை அல்ல, அந்த இருட்டுப் படி. ஒவ்வொரு சரிவிலும் அது எனக்காகக் காத்திருந்தது. சென்னை ரோட்டில் சரிவு ஏது, விட்டுவிடலாமே என்றுகூடத் தோன்றியது. தட்டை ரோட்டிலும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. பயந்த காலோடு அப்படி எத்தனை ஆயிரம் அடி வைப்பது?

பக்கவாட்டில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவிக்கொண்டிருந்தபோது, தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெரியவர் வந்தார். எழுபதுக்குக் குறையாது. காலில் செருப்பில்லை.

"என்ன சாமி, நண்டாட்டம் எறங்குறீங்க?"

"காலில் அடி பெரியவரே, பயமாக இருக்கிறது."

"அடிய நீட்டி வச்சா பயமாத்தான் இருக்கும். குறுக்கி வைங்க. பாதத்தப் பாக்காதீங்க, நாலடி முன்னால பாருங்க."

சொல்லிவிட்டு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார். கட்டு அசையவில்லை.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே சின்னச் சின்ன அடியாக வைத்தேன். முதல் நாள் பத்தடி. எட்டாம் நாள், சரிவு முழுவதும் எதையும் பிடிக்காமல் ஓடி, கீழே டீக்கடை வாசலில் போய் நின்றேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அன்று ராத்திரி கணுக்கால் லேசாக வலித்தது. வீட்டுக்கு டெலிபோன் செய்தேன்.

"இறக்கத்தில் ஓடினேன். கொஞ்சம் வலிக்கிறது" என்றேன்.

சிறிது நேரம் சத்தம் இல்லை. "வீக்கம் இருக்கா?" என்றாள்.

"இல்லை."

"அப்ப நாளைக்கு ஓட வேண்டாம்."

"சரி."

மறுநாள் ஓடவில்லை. பனியில் மெதுவாக நடந்துபோய், அதே கடையில் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.