கப்பம் வாங்கிய மலை

ஈரானில் அஹ்வாஸிலிருந்து ஈஸே போகிற வழியில், ஓர் ஏற்றத்தில் டாக்ஸி நின்றுவிட்டது. சாலை நிறைய ஆடுகள். பக்தியாரி மக்கள் கோடைக்காக மேல்மலைக்குப் போகும் பருவம் அது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் தேநீர் ஊற்றினார்.

ஜாக்ரோஸ் மலையில் இப்படி நிற்பது பேரரசர்களுக்கே பழக்கம்தான். சூசாவிலிருந்து பெர்சிபோலிஸ் போகும் பாரசீக மன்னர்கள், மலைவாழ் உக்ஸியர்களுக்கு வழிச்சுங்கம் கொடுத்துத்தான் கணவாயைத் தாண்டினார்கள். எகிப்து முதல் சிந்து வரை கப்பம் வாங்கியவர்கள், ஆடு மேய்ப்பவர்களிடம் சுங்கம் கட்டியிருக்கிறார்கள்! அலெக்சாண்டரிடமும் உக்ஸியர்கள் அதையே கேட்டார்கள். கணவாய்க்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியனுப்பிவிட்டு, இரவோடு இரவாக வேறு வழியில் புகுந்து ஊர்களைத் தாக்கினார் அவர். பாரசீக மன்னர் டேரியஸின் தாய் பரிந்து பேசியதால் நிலம் மிஞ்சியது. ஆனால் ஆண்டுதோறும் 100 குதிரை, 500 பொதிவிலங்கு, 30,000 ஆடு கொடுக்க வேண்டும். காசு கேட்கவில்லை, அவர்களிடம் காசே கிடையாது.

ஈஸேயில் இறங்கியதும் நேராகக் குல்-எ-ஃபரா போனேன். உக்ஸியர் கதைக்கும் முந்தைய எலாமியப் பாறைச் சிற்பங்கள். ஹன்னி என்ற குறுநிலத் தலைவன் நிமிர்ந்து நிற்கிறான்; பக்கத்தில் யாழ் மீட்டுகிறவர்கள், தலை வெட்டிய கிடாக்கள். இங்கேயும் ஆடு! கல்வெட்டில் தன்னை அயாபிர் பகுதியின் தலைவன் என்பவன், தனக்கு மேலே ஷுதுர்-நஹுந்தே என்றோர் அரசன் இருப்பதையும் மறைக்கவில்லை. பாதிச் சுதந்திரத்தை இவ்வளவு நேர்மையாக யாரும் கல்லில் வெட்டியதாகத் தெரியவில்லை.

பின்னாளில் இந்தப் பகுதி எலிமாயிஸ் ஆனது. ரோமிடம் தோற்று 15,000 தாலந்து கடன்பட்ட மன்னர் மூன்றாம் அந்தியோக்கஸ், கி.மு. 187இல் இங்கே பேல் கோயிலைக் கொள்ளையிட வந்தார். மலைக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். பார்த்தியர் காலத்திலோ மேலே பேரரசு, கீழே சொந்த அரசர், சொந்த நாணயம். கி.பி. 224 வாக்கில் சாசானியர் எழுந்ததும் அதுவும் முடிந்தது.

அந்தக் காலத்துப் பிரபு ஒருவரின் வெண்கலச் சிலை, ஆளுயரத்துக்குச் சற்று மேல், தனியாக வார்த்துப் பொருத்திய தலையோடு, 1930களில் ஷாமி என்ற மலைக்கிராமத்தில் கிடைத்தது. அவரைத் தேடி மலையேறாதீர்கள். அவர் தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறார்.