இருபது ரூபாய்க்கு

பழைய விலையைச் சொல்கிறவன் பெரும்பாலும் பழைய சம்பளத்தைச் சொல்வதில்லை. நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் வருகிற மலிவுக்கால ஞாபகங்கள் எனக்கு அலுப்பூட்டுவது இதனால்தான். அப்போது பெட்ரோல் லிட்டர் இன்ன விலை என்று ஒரு வாக்கியம். கூடவே ஒரு பெருமூச்சு. அந்த விலையில் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற விஷயம் வருவதேயில்லை.

சரித்திரம் விலையைச் சம்பவமாக வைத்துக்கொள்கிறது. 1973 அக்டோபர் யுத்தத்தை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய 4 மடங்காயிற்று. அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டுவண்டியில் பாராளுமன்றம் போனார். 1974ல் எஸ்ஸோவும் 1976ல் பர்மா ஷெல்லும் அரசுடைமையாயின. நான் பிறந்தது இதற்கெல்லாம் பின்னால். ஆனால் ‘நள்ளிரவு முதல் அமல்’ என்று செய்தியில் கேட்டதும் பங்க்கில் வரிசை நிற்கும் இரவுகள் என் பையன் பருவத்திலும் இருந்தன.

அப்பா அந்த வரிசைகளில் நின்றதில்லை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையின் பொம்மைகளுக்கு ஆர்டர் பிடிப்பவர் அவர். மாதிரிகளைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டு, டி.வி.எஸ். 50ல் மாட்டிக்கொண்டு நெய்வேலி, உளுந்தூர்ப்பேட்டை, பண்ருட்டிக் கடைகளுக்குப் போவார். கடலூர் ரோடு பங்க்கில் அவர் லிட்டர் கேட்டதில்லை. ‘இருபது ரூபாய்க்கு’ என்பார். பையன் டூ-டி ஆயிலைக் குப்பியில் அளந்து ஊற்றிவிட்டுப் பிறகு பெட்ரோல் விடுவான். ஆயிலும் அந்த இருபதுக்குள்தான். மீட்டரில் மேலே ரூபாய், கீழே லிட்டர். ரூபாய் முழு எண்ணில் நிற்கும். லிட்டர் ஏதோ ஒரு தசமத்தில் நிற்கும். டாங்கை நிரப்பிக்கொண்டு போகிற கார்க்காரருக்கு லிட்டர்தான் கணக்கு. ரூபாய் எதில் நின்றாலும் சரி.

அப்பாவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. ‘வண்டி 20’ என்று வருஷக்கணக்கில் ஒரே பதிவு. அதை மட்டும் வைத்துக்கொண்டு விலைவாசி ஏறவேயில்லை என்று ஒரு பாங்க் குமாஸ்தா நிரூபித்துவிடலாம். ஏறியது வேறு இடத்தில் தெரிகிறது. முதலில் பண்ருட்டிக்கு எதிரே ‘பஸ்’ என்று வருகிறது. பிறகு பண்ருட்டியே வருவதில்லை. வாராவாரம் வந்த உளுந்தூர்ப்பேட்டை மாதம் ஒருமுறை ஆகிறது. கமிஷன் வரவும் அதே வரிசையில் இறங்குகிறது. விலை உயர்வு அவருக்குத் தொகையாக வரவில்லை. போகமுடியாத ஊர்களாக வந்தது.

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கிற்று. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறலாம் என்றாயிற்று. பைசாக்களாக ஏறுகிற விலைக்கு வரிசையும் கிடையாது, மாட்டுவண்டியும் கிடையாது. 2021ல் தமிழ்நாட்டில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது எல்லோரும் அந்த மூன்று இலக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த நாட்களிலும் மொபெட்காரர்கள் ‘ஐம்பதுக்கு’, ‘நூறுக்கு’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லிட்டர் விலையை ஞாபகம் வைத்திருப்பவன் லிட்டராக வாங்கியவன். ரூபாய்க்கு வாங்கியவனின் ஞாபகம் தூரங்களில் இருக்கிறது. எந்த ஊர் எப்போது விட்டுப்போயிற்று என்பதில் இருக்கிறது. பெருமூச்சுக்கு முதலாவது போதும். உரைநடைக்கு இரண்டாவது வேண்டும்.