படுவான்கரையிற் கண்ட அரைச்சுற்று

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட அழகை வியந்தவாறே, சென்ற ஆண்டு ஒரு மாலையில் மண்முனைப் பாலத்தைக் கடந்தேன். 2014ஆம் ஆண்டில் இப்பாலம் திறக்கப்படுமுன் இத்துறையைக் கடக்கப் படகே துணை. அப்பால் இருமருங்கும் வயல். அறுவடை முடிந்து தாள் மட்டுமே நின்றது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரை வணங்கி, அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றை அடைந்தபோது இருட்டிவிட்டது.

நான் சென்றது கூத்துப் பார்ப்பதற்கு மட்டுமன்று. யாழ்ப்பாணத்தில் நான் கற்பிக்கும் கல்லூரியின் கலைவிழாவிலே வடமோடி ஆட்டமொன்றை மேடையேற்றியிருந்தோம். யாரோ எடுத்த ஒளிப்பதிவைப் பார்த்தே மாணவரைப் பழக்கினேன். நிகழ்ச்சி நிரலில் 'நடன அமைப்பு' என்பதன்கீழ் என் பெயர் அச்சாயிற்று, பாராட்டும் கிடைத்தது. விழா முடிந்ததும் மட்டக்களப்பு மாணவன் ஒருவன் அருகில் வந்து, "சேர், அந்த வீமன் வரவு எங்கட ஊர் அண்ணாவியார்ட ஆட்டம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அச்சொல்லே என்னை அவ்வூருக்கு இழுத்துச் சென்றது.

கோயில் வெளியில் மண்ணை வட்டமாக உயர்த்திக் களரி அமைத்திருந்தனர். நாற்புறமும் மக்கள் பாய் விரித்து அமர்ந்திருந்தனர். நடுவே மத்தளத்துடன் அண்ணாவியார். பக்கத்திற் சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும். அவர்களைச் சுற்றியே கூத்தர் ஆடினர். நள்ளிரவுக்குப்பின் வீமன் வந்தான். கரப்புடுப்புச் சுழல இருமுறை வட்டமிட்டான்; மூன்றாம் வட்டத்திற் பாதியில் நின்று, எதிர்த்திசையில் திரும்பினான். நான் பழக்கிய அதே அரைச்சுற்று!

மறுநாட் காலை அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நடந்ததை ஒளிக்காமற் சொன்னேன். எழுபதைக் கடந்த அப்பெரியவர் சினக்கவில்லை.

"அடி என்ட இல்லை, தம்பி. தாளக்கட்டு எனக்கு என்ட அண்ணாவியார் தந்தது. அவருக்கு அவர்ட அண்ணாவியார் தந்தது. ஆனா அந்த அரைச்சுத்து என்டதான்" என்றார்.

பல ஆண்டுகளுக்குமுன் வீமனாக ஆடவிருந்த இளைஞனுக்கு வயல் வேலையிற் காலிற் காயம் பட்டதாம். சட்டம் கொடுத்தபின் ஆளை மாற்ற அண்ணாவியாருக்கு மனமில்லை. முழுச் சுற்றைப் பாதியில் நிறுத்தினார்; மத்தளத்தில் ஒரு தட்டுக் கூட்டினார்; அதன்பின் திரும்பவைத்தார். நொந்த காலுக்குக் கொடுத்த ஓய்வு, பார்ப்போருக்கு வீமனின் பெருமிதமாகத் தோன்றிற்று. அயலூரவரும் அதனை எடுத்தாண்டனர். இன்று அதனைப் 'பழைய முறை' என்றே சொல்கின்றனராம்.

பின்னர் அவர் எழுந்து, "உங்கட பொடியன் தட்டு விழுந்த பிறகா திரும்பினவன்?" என்று வினவினார். நான் விழித்தேன். ஒளிப்பதிவில் அத்தட்டு எனக்குக் கேட்கவில்லை. காரணம் அறியாமையால் அந்த நிற்றலையே குறைத்திருந்தேன். ஆக்கியவர் யார், எடுத்தவர் யார் என்பது அக்கணமே விளங்கிற்று.

எடுத்தாள்வது குற்றமன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இற் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலியவற்றைத் தயாரித்தபோது, விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து ஒருபுறம் மட்டும் பார்க்கும் மேடைக்குக் கொணர்ந்தார். அதுவும் ஓர் ஆக்கமே. ஆயினும் அதன் அடிகள் களரியிற் பிறந்தவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடன அமைப்பை ஆக்கியோனின் படைப்பாக மதிக்கிறது. நாட்டார் கலையை வெளியிடுவோர் அது எச்சமூகத்துக்கு, எவ்விடத்துக்கு உரியது என்று குறிப்பிடவேண்டும் என்றும் கூறுகிறது. நன்று. ஆனால், 'மரபு' என்னும் பெருஞ்சொல்லின் நிழலில் அரைச்சுற்றைத் தந்த தனிமனிதர் மறைந்துபோகலாகாது.

விடைபெறும்போது அவர் பெயரை இக்கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். "பேப்பரில வேணாம், தம்பி. ஆடுற இடத்தில சொன்னாப் போதும்" என்றார்.

இவ்வாண்டு விழாவில் அவ்வாட்டம் மீண்டும் நிகழ்ந்தது. நிரலில் மூன்று வரிகள் இருந்தன. முதலாவது, படுவான்கரை வடமோடி மரபு என்பது. இரண்டாவது, வீமன் வரவை ஆக்கிய அண்ணாவியாரின் பெயர். மூன்றாவது, மேடைக்கேற்ப அமைத்தவன் என்று என் பெயர். வீமனாக ஆடிய மாணவன் தட்டு விழும்வரை அசையாது நின்றான்.